பத்தரைக்குப் படுக்கிற ஆக்கள்

கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையோ ஒலுவிலோ, கம்பஸ் பிள்ளைகளின் போடிங் அறைகளில் இரவு பத்தரைக்கு ஒரு அறிவித்தல் வரும்: "மச்சான், இண்டைக்கு வேளைக்குப் படுக்கப் போறன்." அறிவித்தவர் படுப்பது ஒன்றரைக்கு.

நித்திரை வராமல் இல்லை, கண் சொருகும். ஆனால் பல் தீட்டவில்லை, கொடியில் உடுப்பு கிடக்கிறது, நாளைக்குப் போடும் சேட் அயன் பண்ணவில்லை. முதலில் அஞ்சு நிமிஷம் போன். நுளம்பு வலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி உள்ளே படுத்த பிறகுதான் பல்லு ஞாபகம் வரும். வலையைத் தூக்கினால் நுளம்பு உள்ளே வந்துவிடும். சரி, ஒரு வீடியோ முடிய எழும்புவம். மறுகா இன்னொன்று.

இந்தப் படுக்கை ஒத்திப்போடலை 2014 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரையறுத்தார்கள்: வெளிக்காரணம் எதுவும் இல்லாமல், நினைத்த நேரத்துக்குப் படுக்காதது. கரண்ட் போய் வேர்த்து விழித்திருப்பது இதில் சேராது. பௌர்ணமி இரவில் வாவியில் கேட்கும் 'பாடுமீன்' ஓசைக்காக மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்குப் போனவருக்கும் மன்னிப்பு உண்டு.

களைத்த மூளைக்குப் பத்தரை மணியில் பிரஷ்கூட மண்வெட்டிதான். ஆகவே இராச்சாப்பாடு முடிந்த கையோடு, ஒன்பதுக்குள், பல், உடுப்பு, அயன், வலை எல்லாம் முடிய வேண்டும். படுக்கும் நேரத்தில் படுப்பது மட்டுமே மிஞ்ச வேண்டும்.

பின்னேரம் ஆறு மணிப் பிளேன்டீயின் கஃபீனில் பாதியளவு பதினொரு மணிக்கும் உடம்பில் நிற்கும். கடைசிக் கோப்பையை மூன்று, நாலு மணிக்குள் முடியுங்கள். இரவில் மட்டும் பாவிக்கும் நைட் டேட்டா பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும் என்று காவல் இருப்பவர்கள், டவுன்லோட் செயலியில் 12.15க்கு நேரம் குறித்துவிட்டுப் படுக்கலாம். பேட்டரி சேவரை நிறுத்த மறந்தால் அது செயலியையும் சேர்த்து உறங்க வைத்துவிடும். விடிய எழும்பினால் பூச்சியம் எம்பி.

ஒன்றரையிலிருந்து ஒரே நாளில் பத்தரைக்குத் தாவுவதும் வீண். உடம்பின் கடிகாரம் இன்னும் பழைய நேரத்தில்தான் ஓடும். விட்டத்தைப் பார்த்துக் கிடந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். மூன்று, நாலு நாளைக்கு ஒருக்கா 15 நிமிஷம் முன்னே தள்ளுங்கள். எழும்பும் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

போனுக்கு இடம், கட்டிலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உள்ள பிளக். அலாரம் அதில்தானே என்பீர்கள். நல்லது, நடந்து போய் நிறுத்துங்கள். இதில் தோற்றவர்கள் அநேகமாக ஒரே காரணத்தால்தான் தோற்றிருக்கிறார்கள்: பக்கத்துக் கட்டில்காரனிடம் நாலு மீட்டர் நீட்டு வயர் இருந்தது.