இரவு 9.40க்கு அறுந்துபோன கச்சேரி: வீடு முழுக்க ரீவி இழுத்த எட்டு மாதம்

ரீவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வைத்து, வீட்டில் எந்த அறையிலிருந்தும் பார்க்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. கேட்கச் சின்ன வேலைதான். எங்கள் வீட்டில் அது ஒழுங்காக ஓட எட்டு மாதம் எடுத்தது. அதில் கொம்பியூட்டர் வேலை இரண்டே இரண்டு பின்னேரம். மிச்சம் எல்லாம் பார்சல், டிஷ், வயர், சுவர். யாழ்ப்பாணத்தில் இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் நான் அலைந்த இடத்தில் அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கடைசி மாதம் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைத் தொடங்கியது அம்மம்மாவுக்காக. 84 வயது, பின்னறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. இரவு 8 மணிக்குப் படுத்துவிடுவார். அவருக்குப் பிடித்த கச்சேரி இந்திய அரசின் டிடி தமிழ் சானலில் 9.30க்குத்தான் தொடங்கும். (2024 ஜனவரியில் பெயரை மாற்றிவிட்டார்கள். வீட்டில் இன்னும் எல்லோருக்கும் அது பொதிகைதான்.) இரவு பதிவாகி, காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய அறையில் ஓட வேண்டும். அதோடு அப்பா முன்னறையில் செய்தி பார்ப்பதைக் குழப்பக்கூடாது. இவ்வளவுதான் தேவை.

பாகங்களைப் பற்றி ஒரு வரி: அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஆறாம் தலைமுறை ஐ5 கொம்பியூட்டர், அதில் லினக்ஸ், பதிவுக்கு டிவிஹெட்எண்ட், பார்க்க ஜெலிஃபின், ரீவிகளில் கோடி என்று மூன்று மென்பொருள். இவற்றை நிறுவுவது பற்றி வேண்டிய அளவு வீடியோ கிடைக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் அடி ரியூனரில் விழுந்தது, டிஷ்ஷில் வருகிற சிக்னலைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கிற சாமான் அது. இரண்டு சானலை ஒரே நேரத்தில் வாங்கக்கூடிய டிவிபி-எஸ்2 (சற்றலைற் ரீவி) ரியூனர் இங்கே ரவுணில் எந்தக் கடையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். லினக்ஸில் அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் அதைப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். பார்சல் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மறிக்கப்பட்டுவிட்டது. வந்து எடுக்கும்படி ஒரு துண்டு வந்தது. இரவு பஸ் ஏறி, விடியப் போய் இறங்கி, 9 மணிக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். அடையாள அட்டை, காசு கட்டிய பற்றுச்சீட்டு, இரண்டுக்கும் பிரதி, எல்லாம் கையில்.

கவுண்டரில் இருந்தவர் பெட்டியில் ஒட்டியிருந்த விவரத்தைப் பார்த்தார். "இது ரீவி பெட்டியா, கொம்பியூட்டர் சாமானா?" கொம்பியூட்டரில் செருகிற சாமான் என்றேன். "சற்றலைற் என்று போட்டிருக்கே, அப்ப அனுமதிக் கடிதம் வேணும்." எங்கே எடுப்பது என்று கேட்டதற்கு இன்னோர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். அங்கே போனால், இதற்கெல்லாம் நாங்கள் கடிதம் கொடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கவுண்டர் பூட்டியிருந்தது. அன்று இரவே வெறும் கையோடு பஸ் ஏறினேன். 400 கிலோமீற்றர் போக, 400 கிலோமீற்றர் வர. உள்ளங்கை அளவு பெட்டிக்கு.

இரண்டாம் முறை நான் போகவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மச்சானுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் எழுதினேன். அதோடு, அந்தச் சாதனத்தின் விவரப் பக்கத்தை அச்செடுத்து, சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது என்ற வரியின் கீழே கோடு போட்டு அனுப்பினேன். கவுண்டரில் அந்தத் தாளை வாசித்துப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டார்களாம். அந்த ஒரு தாள் முதல் நாளே என்னிடம் இருந்திருந்தால் அன்றைக்கே வீடு வந்திருப்பேன். வெளிநாட்டிலிருந்து ரியூனர் எடுப்பிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஷ். டிடி தமிழைக் காசில்லாமல் தருகிற இந்தியச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற சற்றலைற்றிலிருந்து, கிழக்கு 93.5 பாகையில். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், உச்சி வானத்துக்குக் கிட்ட. வடஇந்தியாவில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து டிஷ் பூட்டினால் சரிவராது. அங்கே அது இதைவிட நன்றாகத் தாழ்ந்து நிற்கும். இங்கே டிஷ் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கிறது. அதனால் தூரத்து மரங்கள் மறைக்காது என்பது ஒரு நன்மை. ஆனால் தென்னைக்குக் கீழே வைத்தால் பன்னாடையும் பாளையும் நேரே அதற்குள்தான் விழும். எங்கள் டிஷ்ஷை முதலில் கிணற்றடிப் பக்கம் பூட்டிவிட்டு, ஒரு மாதத்தில் கழற்றி மொட்டைமாடிக்கு ஏற்ற வேண்டி வந்தது. எல்என்பியையும் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்குகிற தலை) அதன் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பாருங்கள். பூட்ட வந்த அண்ணை நேராக வைத்து இறுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் ஏறிக் கையால் திருப்பியபோதுதான் சிக்னல் கூடியது.

வயர் முனை பூட்டுவதில் ஒரு சிறிய விஷயம் உண்டு, அதைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். டிஷ்ஷிலிருந்து வருகிற ஆர்ஜி6 வயரின் வெளித்தோலை வெட்டினால் உள்ளே வெள்ளிநிறப் பின்னல் இருக்கும். அதைப் பின்னால் மடித்துவிட வேண்டும். அந்தப் பின்னலில் தலைமயிர் அளவு ஒரே ஒரு இழை நடுக்கம்பியில் தொட்டால் போதும், ஷோர்ட் ஆகி எல்என்பிக்குப் போகிற மின்சாரம் நின்றுவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கைத்தொலைபேசிக் கமராவைப் பெருப்பித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் அகப்பட்டது. வெளியில் இருக்கிற முனைகளுக்கு மேல் ரப்பர் ரேப் சுற்றுங்கள், கடற்காற்று சும்மா விடாது.

சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்களுடையது பழைய நாற்சார் வீடு, சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். முன் விறாந்தையில் இருக்கிற ரவுட்டரின் வைஃபை நடு முற்றத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். அம்மம்மாவின் அறையில் படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று சுழன்றது. வைஃபையைப் பெருக்கும் பெட்டி ஒன்று வாங்கிக் காசை வீணாக்கினேன். கடைசியில் கூரைக்குக் கீழே கட்6 நெற்வேர்க் வயர் இழுத்தேன். 100 மீற்றர் வரை அது தாராளமாகப் போகும், எங்களுக்கு 30 மீற்றரே போதுமாக இருந்தது. அணில் கடித்து ஒருமுறை அறுத்தபிறகு பிவிசி குழாய்க்குள் விட்டேன். கல்வீட்டுக்காரர்கள் முதலிலேயே வயர் இழுத்துவிடுங்கள்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் பதிவு அதிகாலை 3 மணி நிகழ்ச்சி ஒன்றாக வந்தது. நேரம் குறித்துப் பதிவுசெய்யச் சொல்லியிருந்தேன், கொம்பியூட்டரின் கடிகாரமோ யூரிசியில் (உலகப் பொது நேரத்தில்) நின்றது. ஐந்தரை மணித்தியாலம் தள்ளிப் பதிந்திருக்கிறது. அதைத் திருத்த ஒரு நிமிடம். இரண்டாம் பதிவு சரியாக 9.30க்குத் தொடங்கியது, பத்து நிமிடத்தில் அறுந்தது. ஒரு மணித்தியாலக் கச்சேரி என்றால் கோப்பு ஏறத்தாழ 1.8 ஜிபி வர வேண்டும். வந்தது 300 எம்பி. வர்ணம் முடிந்து அடுத்த கீர்த்தனை எடுக்கும்போதே படம் சதுரம் சதுரமாக உடைந்து இருட்டாகிவிடும். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

மழை என்று நினைத்தேன், ஐப்பசி மாதம். வானம் வெளித்த இரவிலும் அறுந்தது. டிஸ்க் என்று நினைத்து மாற்றினேன். எல்லா முனைகளையும் வெட்டித் திரும்பப் பூட்டினேன். டிஷ் பூட்டிய அண்ணையை மறுபடி கூப்பிட்டுக் காசு கொடுத்துத் திசை பார்ப்பித்தேன். பகலில் எந்த நேரம் பதிந்தாலும் ஒரு குறையும் இல்லை. "அது நல்லா வேலை செய்யுது தம்பி, இரவில மட்டும் உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்குப் பாப்பம்" என்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, சிக்னல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 9.38. கோடு ஆடாமல் நிற்கிறது. முன்னறையில் செய்தி முடிந்த சத்தம். அப்பா எழும்புகிற சத்தம். பிறகு சுவிட்ச் 'டக்' என்று நிப்பாட்டுகிற சத்தம். அதே கணத்தில் கோடு பூச்சியத்துக்கு விழுந்தது.

"அப்பா, திருப்பிப் போடுங்கோ!" என்று கத்தினேன். போட்டார். கோடு எழும்பியது.

நடந்தது இதுதான். டிஷ்ஷில் இருந்தது ஒற்றை வாய் எல்என்பி. அதை அப்பாவின் பெட்டிக்கும் என் ரியூனருக்கும் பிரித்துக்கொடுக்க ஒரு கடையில் ஸ்பிளிட்டர் தந்தார்கள். "இது போதும் தம்பி, எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறவை" என்றார் கடைக்காரர். எல்என்பி வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதை ரீவிப் பெட்டியோ ரியூனரோதான் அதே வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ற்றாக அனுப்பும். அந்த ஸ்பிளிட்டரில் மின்சாரம் போகிற வாய் ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். அதில் பூட்டியிருந்தது அப்பாவின் பெட்டி. அவர் படுக்கப் போகும்போது பிளக் சுவிட்சை நிப்பாட்டினால் எல்என்பியும் சேர்ந்து செத்துப்போகிறது.

அப்பாவை நிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லலாம்தானே என்று சிலர் கேட்டார்கள். சொல்ல விருப்பமில்லை. மின்னல் காலத்தில் ரீவியைச் சுவரோடு நிப்பாட்டுவது நல்ல பழக்கம், அதை என் வசதிக்காக மாற்றுவது பிழை. இரண்டு வாயிலும் மின்சாரம் போகிற ஸ்பிளிட்டர் வாங்கினாலும் முழுத் தீர்வு இல்லை. 13 வோல்ற் போனால் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 போனால் கிடையலையை எடுக்கும். ஒருவர் ஒன்றைக் கேட்க மற்றவர் மற்றதைக் கேட்டால், ஒருவரின் படம் போய்விடும். ஒவ்வொரு ரியூனருக்கும் எல்என்பியில் தனி வாய், தனி வயர். எனக்கு ரியூனர் இரண்டு, அப்பாவின் பெட்டி ஒன்று. ஆகவே நாலு வாய் எல்என்பி.

அதிலும் கவனம் வேண்டும். குவாட், குவாட்ரோ என்று இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் நாலு வாய்தான். குவாட்டில் எந்த வாயிலும் எந்தச் சானலும் வரும். குவாட்ரோவில் ஒவ்வொரு வாயிலும் ஒரு பகுதி மட்டுமே வரும், அது மல்ரிசுவிட்ச் என்ற பிரிக்கிற பெட்டி வைத்துப் பெரிய கட்டடங்களுக்குப் பூட்டுகிற சாமான். கடையில் எனக்கு எடுத்து நீட்டியது குவாட்ரோ. பெட்டியைத் திருப்பி வாசித்துவிட்டு, இது வேண்டாம் என்று அங்கேயே கொடுத்துவிட்டேன். எட்டு மாதத்தில் ஒரு பிழையை காசு கொடுக்குமுன் பிடித்தது அந்த ஒரு முறைதான், அன்று முழுக்க எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மிச்சம் சின்னச் சின்ன விஷயங்கள். வயலின் வாசிக்கிறவரின் வில் அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் டிஷ்ஷில் பிழை இல்லை, கோடி மென்பொருளில் டீஇன்ரலேஸ் என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். யூபிஎஸ் கட்டாயம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது கொம்பியூட்டர் நிப்பாட்டினபடியே கிடந்தது, கரண்ட் வந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயோஸில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை அன்றைக்குத்தான் போட்டேன். காசு கட்டிப் பார்க்கிற சானல்கள் பூட்டோடு வருவதால் இந்த வழியில் பதிவாகா. வசந்தம், நேத்ரா போன்றவை எங்கள் அன்ரனாவில் அனலொக்காக வருகின்றன, இந்த ரியூனர் அவற்றை எடுக்காது. அப்பா அவற்றை வழக்கம்போல முன்னறையில் பார்க்கிறார்.

நாலு வாய் எல்என்பி பூட்டிய அன்று இரவு 9.38க்கு அப்பா செய்தி பார்த்து முடித்து, பிளக்கை நிப்பாட்டிவிட்டுப் படுக்கப் போனார். கோடு அசையவில்லை. 10.30 வரை உட்கார்ந்திருந்தேன். கோப்பு 1.8 ஜிபி.

காலையில் அம்மம்மா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். பத்தாவது நிமிடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். படம் நிற்கவில்லை. ராகம், தானம் எல்லாம் போய், துக்கடாவும் போய், கடைசியில் மங்களம் எடுத்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.