நடக்காதே, உழு: கால்வெஸ்டன் சேற்றில் ஒரு தூண்டில் பருவம்

ஏப்ரல், இரண்டாம் சனிக்கிழமை

மீன் கணக்கு: பூஜ்யம். இழப்புக் கணக்கு: இடது கால் செருப்பு, இறால் வாளி, கொஞ்சம் மானம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் தீவுக்கு முன்பக்கம் மெக்சிகோ வளைகுடா, பின்பக்கம் மேற்கு விரிகுடா. முன்பக்கம் மணலும் அலையும். ஹூஸ்டனிலிருந்து வருகிற கூட்டமெல்லாம் அங்கேதான் குளிக்கிறது. பின்பக்கம் சேறும் சிப்பியும் கலங்கிய உப்புநீரும். முழங்கால் முதல் இடுப்பு வரையிலான தண்ணீரில் வெகுதூரம் இறங்கிப் போகலாம். படகு வாங்க வசதியில்லாதவர்களும், வசதியிருந்தும் வேண்டாம் என்பவர்களும் அப்படி நீரில் நின்றபடியே தூண்டில் போடுகிறார்கள். டெக்சாஸ் கரை நெடுகிலும் இந்தப் பழக்கம் உண்டு. மாநிலப் பூங்காவின் விரிகுடாப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு நானும் இறங்கினேன், ரப்பர் செருப்போடு.

பத்துப் பதினைந்து அடி வரை தரை கெட்டியாக இருந்தது. அடுத்த அடியில் இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அதை எடுக்க வலது காலை ஊன்றினேன், அதுவும் போனது. இழுக்க இழுக்கச் சேறு இறுக்கியது. தண்ணீர் தொடையளவுதான் இருந்தது. ஆனால் காற்றில் ஒரு சிற்றலை வந்து வயிற்றில் அடித்தபோது, நகர முடியாத எனக்கு அது கடலாகத் தெரிந்தது.

கரையிலிருந்த அலுவலக நண்பர், "இழுக்காதீர்கள், பின்னால் சாய்ந்து உட்காருங்கள்" என்று கத்தினார். நாற்காலியில் உட்காருவதுபோலச் சாய்ந்தேன். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டதும் கால் சற்று இளகியது. பாதத்துக்கு அடியில் தண்ணீர் புக இடமில்லாததால்தான் சேறு அப்படி உறிஞ்சிப் பிடிக்கிறது. குதிகாலை மெல்ல ஆட்டி இடைவெளி உண்டாக்கி, விரல் நுனியைக் கீழ்நோக்கி நீட்டி, ஒரு காலை மட்டும் உருவ வேண்டும். எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு தவழ்ந்தே கரைக்கு வந்தேன். இறால் வாளி காற்றோடு போய்விட்டது.

ஏப்ரல், மறுநாள்

முத்துப்பேட்டையில் இருக்கிற மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. அலையாத்திக்காட்டுக் கழியில் வளர்ந்தவர் அவர்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு யாராவது சேற்றில் இறங்குவார்களா மாப்பிள்ளை? அது கிடக்கட்டும். காலைத் தூக்கித் தூக்கி வைத்தாயா?"

"ஆமாம் மாமா."

"நடக்காதே. உழு. காலைத் தரையை விட்டு எடுக்காமல் தள்ளிக்கொண்டே போ. திருக்கை கிடக்கும்."

இங்குள்ள தூண்டில்காரர்களும் இதையேதான் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். திருக்கை சேற்றுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு படுத்திருக்கும். மேலே மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். பக்கவாட்டில் கால் பட்டால் எழுந்து ஓடிவிடும்.

மே

வாங்கியவை: கணுக்காலுக்கு மேல் வரும், கயிறு கட்டும் தடித்த அடிப்பாகப் பூட்ஸ், ஊதினால் உப்பும் மெல்லிய உயிர்காப்பு அங்கி, இடுப்பு பெல்ட். வாங்காதது: ஊன்றுகோல். பழைய துடைப்பக் கம்பையே அறுத்து, கயிறு போட்டு பெல்ட்டில் கட்டிக்கொண்டேன். வாங்கியவற்றையெல்லாம் விட அதுதான் அதிகம் உழைக்கிறது.

கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலை இல்லை, கம்புதான் பார்க்கிறது. கெட்டி மணலில் ஊன்றினால் உள்ளங்கையில் 'டொக்' என்று ஒரு தட்டு. சிப்பிப் படுகையில் நறநறவென்று அரைபடும். சேற்றில் சத்தமே இருக்காது, கம்பு பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முன்காலில் பாதிப் பாரம்தான். தரை தாங்குகிறது என்று தெரிந்த பிறகே மீதி. கொக்கு நிற்கிற இடம் கெட்டியாகத்தான் இருக்கும் என்று ஒருமுறை நம்பிப் போனேன். கொக்கின் எடை என்ன, என் எடை என்ன!

கரையோரப் புல்லுக்கு நடுவே கறுப்புக் கண்டல் செடிகள் அங்கங்கே தெரிகின்றன. முத்துப்பேட்டை அலையாத்தியும் இதுவும் அவிசீனியா என்ற ஒரே பேரினம். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "அங்கேயும் வந்துவிட்டதா?" என்று கேட்டார், ஏதோ சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

மூன்றாவது முறை போனபோது வலது பூட்ஸின் நுனி எதிலோ மெத்தென்று இடித்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீருக்குள் புகைபோல் சேறு கிளம்பி, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பழுப்பு நிழல் விளிம்பு படபடக்க விலகிப் போனது. தூக்கி வைத்திருந்தால் அதன் முதுகில்தான் வைத்திருப்பேன். அன்று முதல், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உழவு தவறுவதில்லை.

மீன் கணக்கு: புள்ளி ட்ரவுட் இரண்டு. பெயர்தான் ட்ரவுட், உண்மையில் நம் ஊர்க் கத்தாழைக் குடும்பம். ஒன்று 14 அங்குலம், விட்டுவிட்டேன். 15 முதல் 20 அங்குலம் வரை, நாளுக்கு 3 என்பது இங்குள்ள விதி. இன்னொன்று 17, குழம்புக்குப் போனது.

ஜூன்

திருக்கைக்குப் பயந்து கெளுத்தியிடம் மாட்டினேன். தூண்டிலைக் கழற்றும்போது துள்ளியது. பக்கத் துடுப்பு முள் கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. முள் சிறியதுதான், வலி தோள்பட்டை வரை வந்தது. காரில் பிளாஸ்கில் டீக்காக வெந்நீர் இருந்தது. கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, முக்கால் மணி நேரம் கையை ஊறவைத்தேன். திருக்கை முள்ளுக்கும் இதே முதலுதவிதான்: ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ், 30 முதல் 90 நிமிடம். விஷத்தின் வலி சூட்டில் தணியும். முள் ஆழமாக ஏறியிருந்தாலோ, மார்பிலோ வயிற்றிலோ ஏறியிருந்தாலோ பிடுங்க முயலாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போது டீக்கு ஒரு பிளாஸ்க், முள்ளுக்கு ஒரு பிளாஸ்க்.

கெளுத்தியை இனி கையால் தொடுவதில்லை. குறடுதான்.

ஜூலை, ஆகஸ்ட்

போகவில்லை. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. ஜூன் கடைசியில் சிப்பி கீறி முழங்காலுக்குக் கீழே சிறு வெட்டு. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கே கீறியது என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறியது. இளஞ்சூடான உப்புநீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா திறந்த காயத்தின் வழியே உள்ளே போனால் சதையையே அழித்துவிடும். தொற்று கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார். சிலர் ஓரிரு நாளிலேயே. கல்லீரல் நோய், சர்க்கரை, எதிர்ப்புச் சக்தி குறைவு உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். மே முதல் அக்டோபர் வரைதான் அதற்கு நல்ல பருவம். தூண்டிலுக்கும் அதுவே நல்ல பருவம் என்பதுதான் கொடுமை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காயம் முழுக்க ஆறும் வரை தண்ணீரில் கால் வைக்கவில்லை. இப்போது முழுநீளக் கால்சட்டை. கீறல் இருந்தால் கரையோடு சரி. புதிதாகக் கீறினால் உடனே வெளியே வந்து சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுவது. சிவந்து வீங்கினால், கொப்புளமோ காய்ச்சலோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போன உடனே 'கடல்நீர்' என்ற வார்த்தையை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை உள்ள நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

செப்டம்பர்

இரண்டு முறை போய், ஒருமுறை பாதியில் திரும்பினேன். தெற்கே இடிமேகம். திறந்த நீரில் உயரமான பொருள் நான்தான். என் கையில் ஏழடிக் கார்பன் கோல் வேறு. கோலை அப்படியே நீரில் தாழ்த்தி இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றுதான் ஒரு கணக்கு புரிந்தது. உழுதுகொண்டு போன தூரத்தை உழுதுகொண்டுதான் திரும்ப வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். இடி கேட்ட பிறகு புறப்பட்டால் பாதி வழியில் மழைதான். இப்போது மேகம் திரளும்போதே திரும்பிவிடுகிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

நவம்பர், கடைசி ஞாயிறு

இங்கே ஏற்ற வற்றம் ஒன்று ஒன்றரை அடிதான்; தண்ணீரை உண்மையில் ஆட்டிவைப்பது காற்று. தென்கிழக்குக் காற்று விரிகுடாவை நிரப்பும். குளிர்முனை, அதாவது வடக்கிலிருந்து நகர்ந்து வரும் குளிர்காற்றுத் திரள், வந்து வாடை வீசினால் நீரை வழித்துக் கடலுக்குத் தள்ளிவிடும்.

வெள்ளி இரவு முழுக்க வாடை. மறுநாள் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்ததால் மார்பு வரை வரும் நீர்புகா உடையோடு போனேன். இந்த உடையில் ஒரு ஆபத்து உண்டு: விழுந்தால் மேல்வழியாக நீர் நிரம்பிக் காலைக் கனக்கவைக்கும். அதனால் பெல்ட்டை மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கிக்கொண்டேன்.

காலை எட்டரைக்கு ஒரு ரெட்ஃபிஷ் இழுத்தது. செப்பு நிறம், வாலடியில் கறுப்புப் புள்ளி. பத்து நிமிடம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் நின்ற இடத்திலேயே உழுது திரும்பிக்கொண்டிருந்தேன். அளந்தால் பத்தொன்பதரை அங்குலம். 20 முதல் 28 வரை இருந்தால்தான் எடுக்கலாம். தலையை நீரோட்டத்துக்கு நேராகப் பிடித்து, வாலை உதறும் வரை காத்திருந்து விட்டேன்.

பிறகு மீன் மறந்துவிட்டது. தண்ணீர் அவ்வளவு வடிந்திருந்தது. பருவம் முழுக்கக் கம்பால் தடவித் தடவி அறிந்த தரை கண்ணெதிரே கிடந்தது: சாம்பல் சேறு, இரண்டு சிப்பித் திட்டு, புல்வெளியிலிருந்து வளைந்து வரும் ஒரு வாய்க்கால். ஏப்ரலில் நான் மாட்டியது அந்த வாய்க்காலின் வாயில்தான். பதினைந்தடி தள்ளி இடப்பக்கம் போயிருந்தால் கெட்டி மணல். கைப்பேசி வரைபடத்தில் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டேன். செருப்பையும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.