முப்பது வெற்றுக் கட்டங்கள்

பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஒவ்விஸுக்குப் போகிறேன் என்று சொன்னபோது, வங்கி ஒன்றும் கிடைக்கவில்லையா என்றுதான் வீட்டில் கேட்டார்கள். முகாமைத்துவ டிப்ளோமாவின் கடைசி ஆறு மாதம் எங்களுக்கு உள்ளகப் பயிற்சி. நான் விரும்பித்தான் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கினேன். யாழ்ப்பாண நகருக்குள், தரம் 1 முதல் 11 வரை உள்ள பாடசாலை. கோண்டாவிலில் இருந்து சைக்கிளில் இருபது நிமிடம்.

முதல் நாள் 7:15க்கே போய்விட்டேன். பிரதி அதிபர் சேர் அதற்கு முன்பே வந்து நேரசூசியை மேசையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி. வணக்கம் சொன்னேன். தலை நிமிராமலே, "இருங்கோ பிள்ளை, இண்டைக்கு அஞ்சு பேர் லீவு" என்றார்.

அந்த ஐந்து பேர் என்றால் என்ன என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பாடசாலையில் ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஓர் ஆசிரியருக்கு அன்று ஆறு பாடம் இருந்தால், ஐந்து பேர் வராத நாளில் நேரசூசியில் 30 கட்டங்கள் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு கட்டமும் பெரியவர் யாருமில்லாத ஒரு வகுப்பு. காலைக்கூட்டத்தில் தேவாரம் தொடங்கி 7:50க்கு முதலாம் பாட மணி அடிப்பதற்குள் அந்த 30 இடத்துக்கும் ஆள் போட வேண்டும். இதைத்தான் பதில் பாடம் போடுவது என்கிறோம்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் முடிந்தவரை ஒரே ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு பதில் பாடம் போடக்கூடாது. ஆரம்பப் பிரிவு ஆசிரியரை அவருடைய வகுப்பிலிருந்து எடுக்கவே முடியாது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற ரீச்சரை மேல்மாடிக்கு அனுப்பக்கூடாது; இது எங்கும் எழுதியிருக்காது, சேருக்குத் தெரியும். மாரி காலம் என்றால் இன்னும் கஷ்டம். பருத்தித்துறைப் பக்கம் இருந்து வருகிறவர்களின் பஸ் வல்லை வெளியில் மழைக்குள் ஊர்ந்து வரும். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறிய பிறகு அவர்கள் நனைந்துபோய் வந்து நிற்பார்கள். அதற்குள் போட்ட பட்டியலை மறுபடி அழித்து எழுத வேண்டும்.

சேர் கணித ஆசிரியர். தரம் 11க்கு வாரத்தில் மூன்று நாள் முதலாம் பாடம் அவருடையதுதான். பட்டியல் முடித்துக் கையெழுத்து வைத்து, ஒவ்வொருவரிடமும் காட்டி ஒப்பம் வாங்கி, அவர் வகுப்புக்குப் போய்ச் சேர 8:15 ஆகிவிடும். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் அந்த 25 நிமிடமும் சும்மா இருப்பார்கள். பின்னேரம் ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு அது பெரிய நட்டமில்லை. ரியூசன் காசு கட்ட முடியாத பிள்ளைக்குக் கணிதம் கிடைப்பது அந்த 40 நிமிடத்தில் மட்டும்தான். இது மனதில் தைத்த பிறகு, மற்ற வேலைகளைவிட இதுதான் என்னுடைய வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற வேலைகளும் இருந்தன. விடுகைப் பத்திரம் கேட்டு வருகிறவர்களுக்குச் சேர்வு இடாப்பில் பெயர் தேடிக் கொடுப்பது, ஆரம்பப் பிரிவுக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று வகுப்பு வகுப்பாக எண்ணிச் சமையல் அக்காவிடம் சொல்வது, பாடநூல் கட்டுகளை வகுப்புவாரியாகப் பிரிப்பது. அப்புறம், மணி அடிக்கிற அண்ணை வராத நாளில் மணி அடிப்பது. மணி என்பது மாமரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. 1990இல் ரயில் நின்று, 2014இல் திரும்பி வரும்வரைக்கும் இங்கே தண்டவாளம் என்று ஒன்று இருக்கவில்லை. பெரும்பகுதி பங்கர்களுக்குள் போய்விட்டது. ஒரு துண்டு எப்படியோ இங்கே வந்து மணியாகிவிட்டது என்று அண்ணை சொன்னார்.

மூன்றாவது கிழமை நான் ஒரு பிழை விட்டேன். சேருக்கு வலயக் கல்விப் பணிமனையில் கூட்டம். "நீங்களே போடுங்கோ, நான் பார்த்துக் கையெழுத்து வைக்கிறன்" என்றார். ஆறு பேர் லீவு. வேகமாகப் போட்டு முடித்தேன், அவரும் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். தரம் 7 'பி'க்கு மூன்றாம் பாடத்துக்கு நான் போட்ட ரீச்சர், அந்த நேரம் சின்னப் பிள்ளைகளைப் பல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. அது முந்தின நாளே முடிவான விஷயம். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. 40 நிமிடம் அந்த வகுப்பில் யாருமில்லை. ஒரு பெடியன் மேசையில் ஏறி விழுந்து, நாடி பிளந்து இரண்டு தையல்.

தாய் வந்தா. நான் நடுங்கிக்கொண்டு அருகில் போய், "அம்மா, பட்டியல் போட்டது நான்தான்" என்றேன். அவ என்னைப் பார்த்தாவே தவிர ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையின் சட்டையில் இருந்த இரத்தத்தைச் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தா. கூட்டம் முடிந்து வந்த சேர் சொன்னது: "கையெழுத்து நான் வைச்சது. அப்ப பிழை என்ரை." அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சனி ஞாயிறு வீட்டில் நான்கு பிறிஸ்டல் போர்ட் ஒட்டினேன். இடப்பக்கம் 38 ஆசிரியர்கள், மேலே வாரத்தின் 40 பாடவேளைகள். மொத்தம் 1,520 கட்டம். பாடம் இருக்கிற கட்டம் வெள்ளை, ஓய்வான கட்டம் பச்சை. பச்சைக்குள்ளும் கிளினிக், விளையாட்டுப் பயிற்சி, கூட்டம் என்று வேறு அலுவல் வந்தால் அதில் சிவப்புத் தலை ஊசி. லீவு எடுத்தவரின் பெயரில் ஒரு கடதாசித் துண்டைச் செருகிவிட்டு, நிரலைக் கீழ்நோக்கிப் பார்த்தால் பச்சையெல்லாம் தெரியும். கணினியில் செய்திருக்கலாமே என்று நண்பி கேட்டாள். ஒவ்விஸ் கணினி உயிர்பெறவே பத்து நிமிடம் எடுக்கும். அதோடு, கிளினிக்குக்குப் போகிற ரீச்சர் தானே வந்து தன்னுடைய கட்டத்தில் ஊசி குத்திவிட்டுப் போக வேண்டும். அதற்குச் சுவர்தான் சரி.

இரண்டு கிழமையில் பட்டியல் 7:45க்கு முடியத் தொடங்கியது. ஒப்பம் வாங்க நான் ஓடினேன். ஒரு செவ்வாய்க்கிழமை தண்டவாளத்தில் முதலாம் பாட மணியை நான்தான் அடித்தேன். சேர் சோக்கும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு தரம் 11 வாசலில் ஏறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவ்வளவு நேரத்தோடு அவரை எதிர்பார்க்காமல் அவசரமாக எழும்பி நின்றதைத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

இதைச் செய்ய ஒரு நிரந்தர ஆள் ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டும். பாடம் படிப்பிக்கத் தெரிந்தவரின் காலை நேரத்தைக் கட்டம் நிரப்பச் செலவழிக்கக்கூடாது. என் பயிற்சி அறிக்கையிலும் இதைத்தான் எழுதினேன்.

பயிற்சி முடிந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு, போன கிழமை ஒவ்விஸ் அக்கா கோல் எடுத்தா. "பிள்ளை, யன்னல் பக்கத்து வெயிலுக்குப் பச்சை எல்லாம் மங்கிப் போச்சு. வியாழன், வெள்ளி இரண்டும் வெள்ளை மாதிரித்தான் தெரியுது. என்ன மார்க்கர் வாங்கினனீங்கள்?"

மார்க்கரின் பெயரை நான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை இரண்டு பச்சை மார்க்கரோடு 7 மணிக்கே போய்விட்டேன்.