போன் சொன்னதை நம்பி ஏமாந்த கதை: ராயபுரம் வழிகாட்டியைக் கியோஸ்க்கில் ஏற்றிய அனுபவம்

வாசகசாலையில் நிற்கும் தொடுதிரைக் கியோஸ்க்கில் எங்கள் ராயபுரம் வழிகாட்டி ஒருவழியாக ஓடுகிறது. ஒலி வருகிறது, தமிழ் உடையவில்லை, விரலால் தொட்டால் மெனு திறக்கிறது. இதற்குப் பட்ட பாட்டை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது அலைச்சல் மிச்சமாகும்.

வேலை இதுதான். வட சென்னையின் ராயபுரத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதற்குப் படமும் ஒலியும் சேர்ந்த ஒரு வழிகாட்டி. 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்னிக் கோயில், கஞ்சித்தொட்டி, பழைய கறுப்பர் பட்டணத்துச் சுவரின் மிச்சமான மாடிப்பூங்கா, காசிமேடு துறைமுகம். ஒவ்வொரு இடத்துக்கும் படங்கள், அந்தப் பகுதிப் பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ இணைப்புகள். நடப்பவர் போனில் பார்ப்பார். நடக்க முடியாதவர் வாசகசாலைத் தொடுதிரையில் பார்ப்பார். தளம் ஒன்றுதான், அதற்குள் எல்லாத் திரையும் அடங்க வேண்டும். செலவில் ஒரு பங்கை ஓர் அலுவலகம் தருவதாக ஏற்பாடு. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை.

சாதாரண ஆண்ட்ராய்டு போன், லேப்டாப் இரண்டுக்கும் லேஅவுட்டை மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. வெப் டிசைனர் ஈதன் மார்க்காட் 2010-இல் அதற்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்த நாளிலிருந்து எல்லோரும் செய்வதுதான். செய்தோம், முடிந்தது.

முதல் தலைவலி எழுத்துருவில் வந்தது. படங்களுக்கான குறிப்புகளை அலுவலகம்தான் தர வேண்டும். தந்தார்கள், பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பாக. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய அந்த முறையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடில் கேட்டதற்கு அங்கிருந்த எழுத்தர் சொன்ன பதில்: “எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே தெரியுது சார்? உங்க போன்லதான் ஏதோ கோளாறு.” பக்கத்து மேசையில் இருந்த அம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் கோப்பின் நடுவே வேறு எழுத்துருவில் நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடும். கருவி அந்த ஆங்கிலத்தையும் தமிழாக்க முயன்று, வாயில் நுழையாத எதையோ துப்பும். பிரிட்டிஷ் கவர்னர்களின் பெயர்களெல்லாம் அப்படித்தான் ஆயின. ஆகவே மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களை வேறு நிறம் போட்டுத் தனியே எடுத்து வையுங்கள். இன்னும் நல்லது, வேலை தொடங்கும் முன்பே ‘யூனிகோடில் மட்டும்’ என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது.

அடுத்தது கியோஸ்க். அதைப் பார்க்கப் போன முதல் தடவை அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் ஒரு கல்யாணத்துக்குப் பொன்னேரி போயிருந்தார். வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனோம். “அது ஆபீஸுக்குத்தான் தெரியும், எங்களுக்குச் சொல்லலையே” என்றார்கள். வெயிலில் திரும்பி நடந்ததுதான் மிச்சம்.

திறந்த பிறகு பார்த்தால் ஆளுயரத்துக்கு நின்றவாக்கில் ஒரு திரை, 1080-க்கு 1920. பின்னால் ஒரு பழைய விண்டோஸ் கணினி. தளத்தைத் திறந்தோம். அழகாக வந்தது. ஆனால் மெனுவைத் தொட்டால் திறக்கவில்லை. மவுஸ் மேலே வந்து நின்றால் விரியும் டெஸ்க்டாப் மெனு வந்திருந்தது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் எங்கள் சிஎஸ்எஸ்ஸில், சுட்டும் கருவி விரலா மவுஸா என்று கேட்டுத்தான் மெனுவை மாற்றுகிறோம். அதற்காகவே பாயிண்டர், ஹோவர் என்ற மீடியா குவெரிகள், அதாவது கருவியைப் பற்றிக் கேட்கும் நிபந்தனைகள், இருக்கின்றன. இந்தத் திரையோ, தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்கிறது. கண்ணாடியைச் சுற்றிப் பொருத்திய அகச்சிவப்புச் சட்டம் அது. யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு ஒரு மவுஸாகத்தான் அறிமுகமாகிறது. பிரவுசர் மேல் தப்பில்லை, அதற்குச் சொல்லப்பட்டதை அது நம்புகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. கருவி தன்னால் என்ன முடியும் என்று தானே சொல்லும், அதைக் கேட்டு ஆவணம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது ரொம்ப நாள் கனவு. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் காட்ட 1998-இல் வந்த ஸ்மில் மொழியில் ‘ஸ்விட்ச்’ என்று ஒரு குறி உண்டு. இணைப்பின் வேகம், மொழி, திரை அளவு பார்த்து எந்தப் படம், எந்த ஒலி என்று தேர்ந்தெடுக்கும். 2004-இல் கருவிகளின் திறனை விவரிக்கவே சிசி/பிபி என்று ஒரு தனித் தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது. பீட்டர் புருசிலோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1996-லேயே, படிப்பவரைப் பார்த்து உள்ளடக்கத்தை மாற்றுவது வேறு, இணைப்புகளை மாற்றுவது வேறு என்று பிரித்து எழுதிவிட்டார். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல், கருவி உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. வாசகசாலைத் திரை உண்மை பேசவில்லை.

தீர்வு ரொம்ப எளிது. கியோஸ்க் திறக்கும் முகவரியின் கடைசியில் ‘நான் கியோஸ்க்’ என்று ஒரு குறிப்பை ஒட்டினோம். அது இருந்தால் மீடியா குவெரி என்ன சொன்னாலும் சட்டை செய்யாமல் பெரிய பொத்தான், தொட்டால் திறக்கும் மெனு. நின்றுகொண்டு ஒரு கை தூரத்தில் படிப்பதால் எழுத்தும் பெரிது. முக்கியமான பொத்தான்களைத் திரையின் கீழ்ப்பாதிக்கு இறக்கினோம். இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் எட்டாது.

கியோஸ்க் பற்றி இன்னும் இரண்டு. ஒருவர் பாதியில் விட்டுப் போனால் அடுத்தவருக்கு அந்தப் பாதிதான் கிடைக்கும். யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் போனால் முகப்புக்குத் திரும்ப ஒரு டைமர் வையுங்கள், ஆனால் ஒலி ஓடும்போது அந்த டைமர் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பதிவு பட்டென்று அறுந்து, அவர் எங்களைத் திட்டினார். இரண்டாவது, குரோம் 2018-லிருந்து பயனர் தொடாமல் ஒலியைத் தானாக ஓடவிடுவதில்லை. கியோஸ்க்கில் வரவேற்புக் குரல் வேண்டுமென்றால் குரோமைத் தொடங்கும் கட்டளையிலேயே அந்தத் தடையை நீக்கச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஒலிபெருக்கியை மாற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. (நாங்கள் இல்லை. வாசகசாலைக்காரர்கள்.)

மொழி விஷயம் இதைவிடக் கேலிக்கூத்து. பிரவுசர் அனுப்பும் மொழி விருப்பத்தைப் பார்த்து தமிழா ஆங்கிலமா என்று முடிவு செய்வதுதான் பாடப்புத்தக முறை. காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த நேரத்தில் சிலரிடம் காட்டினோம். ஒரு அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, நம்ம ஏரியா கதைய இங்கிலீஷ்ல வெச்சிகீற?” என்றார். அவர் போனில் மெனு முழுக்க ஆங்கிலம். கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அங்கே நாங்கள் வாங்கிப் பார்த்த போன்கள் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். போன் ஆங்கிலம் கேட்கிறது, ஆள் தமிழ் கேட்கிறார். அன்றைக்கே அந்தத் தானியங்கித் தேர்வைத் தூக்கிப் போட்டோம். எடுத்ததும் தமிழ், மேலே ஒரு பொத்தான், தொட்டால் ஆங்கிலம். போனில் அந்தத் தேர்வை நினைவில் வைக்கிறோம், கியோஸ்க்கில் வைப்பதில்லை.

அதே இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கருநீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து, ஏசி அறையில் பார்க்க அருமை. துறைமுக வெயிலில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே இருக்க வேண்டிய 4.5-க்கு 1 என்ற குறைந்தபட்ச ஒளி வேறுபாட்டை அது தாண்டித்தான் இருந்தது, ஆனால் அந்தக் கணக்கில் வெயில் இல்லை. வெள்ளைப் பின்னணி, நல்ல கறுப்பு எழுத்து என்று மாற்றினோம். ஈரக் கையில் தொடுதிரை திக்குமுக்காடும் என்பதால் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டினோம்.

டெம்ப்ளேட்டோடு வந்த தலைப்பு அசைவு பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வந்து உட்காரும். ஆங்கிலத்துக்கு எழுதியது அது. ‘கொ’ என்பதை ‘க’ தனியாக, கொம்பும் காலும் தனியாகப் பிய்த்து, நடுவே புள்ளி வட்டம் போட்டுக் காட்டியது. கஞ்சித்தொட்டி சிதறிக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க புதிய பிரவுசர்களில் வழி இருக்கிறது, பழைய போன்களில் இல்லை. அசைவையே எடுத்துவிட்டோம், யாரும் அதைத் தேடவில்லை.

ஒலிக் கோப்புகளில் முதலில் இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தரத்தை மாற்றலாம் என்றிருந்தோம். வேகம் சொல்லும் அந்த வசதி குரோம் வகையறாவில் மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியில் கிடையாது. அப்புறம் வேகம் இருக்கிறது என்பதற்காக கேட்பவரின் டேட்டாவை நாம் செலவழிக்கலாமா? பேச்சுக்கு நொடிக்கு 32 கிலோபிட்டில் ஓபஸ் என்ற ஒலி வடிவம் போதும், ஒரு நிமிடத்துக்கு 240 கேபிதான் ஆகும். பழைய ஐபோனுக்காகக் கூடவே ஒரு எம்பி3. பொத்தானிலேயே ‘கேட்க: 4 நிமிடம், 1 எம்பி’ என்று எழுதிவிட்டோம். அமுக்கும் வரை எதுவும் இறங்காது.

கீபேடு போன் எங்கள் திட்டத்திலேயே இல்லை. வாசகசாலை வாட்ச்மேன் அண்ணன் தன் போனை நீட்டியதால் வந்தது. கீபேடு போன்களுக்கான கய்ஓஎஸ் 2.5, உள்ளே ஃபயர்ஃபாக்ஸ் 48 காலத்து இன்ஜின், 240-க்கு 320 திரை, தொடுதிரை கிடையாது. பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் அந்த இன்ஜினுக்குத் தெரியாது, அது ஃபயர்ஃபாக்ஸ் 52-இல்தான் வந்தது. கிரிட் தெரிந்தால் மட்டும் கட்டங்களாக அடுக்கு, தெரியாவிட்டால் ஒன்றின்கீழ் ஒன்றாக விடு என்று ஒரு நிபந்தனை போட்டோம். அம்புக்குறியை அமுக்கும்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று தெரியத் தடித்த கட்டம் போட்டோம். அழகுக்கு அதை அழித்துவிடும் வழக்கம் உண்டு, தயவுசெய்து அழிக்காதீர்கள். அண்ணன் காசிமேட்டுப் பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு, “இந்தக் குரல் எனக்குத் தெரியும்பா” என்றார். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

கடைசியாக ஒப்புதல். எல்லாம் தயார், வந்து கியோஸ்க்கில் பாருங்கள் என்றோம். அதே எழுத்தர், “ஃபைலுக்கு வேணும் சார். எல்லாப் பக்கத்தையும் கலர் பிரின்ட் எடுத்து, இரண்டு செட் வெச்சுடுங்க” என்றார். ஒலியை எப்படி பிரின்ட் எடுப்பது என்று கேட்டதற்கு, “அதையும் எதாவது பண்ணுங்க” என்றார். எடுத்துப் பார்த்தால் கீழே இருக்கும் படங்கள் வெற்றுக் கட்டங்களாக வந்தன. திரையை உருட்டும்போதுதான் இறங்கட்டும் என்று விட்டிருந்தோமே. மூடியிருந்த பகுதிகளும் மூடியபடியே அச்சாயின.

கோபம் வந்தது. ஆனால் காகிதமும் ஒரு திரைதான். 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-லேயே பிரின்ட்டுக்குத் தனி வகை கொடுத்திருக்கிறார்கள். அச்சுக்கென்று ஒரு ஸ்டைல் எழுதினோம்: மெனு மறையும், மூடியவை திறக்கும், ஒலிப் பொத்தானின் இடத்தில் பேச்சின் எழுத்து வடிவமும் ஒரு க்யூஆர் குறியும் வரும். எழுத்து வடிவம் காது கேளாதவர்களுக்காக ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தது, ஆகவே புது வேலை அதிகமில்லை. அதிகாரி ஒரு தாளை எடுத்து, தன் போனால் க்யூஆரைப் படித்து, மேசையிலேயே பதிவைக் கேட்டார். கையெழுத்து போட்டார். எழுத்தர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். இப்போது வாசகசாலையில் கண் மங்கிய சிலர் திரையைவிட அந்த அச்சுத் தாள்களைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

அலுவலகத்திலிருந்து பணம் இன்னும் வரவில்லை. பில் பாஸாக வேண்டுமாம். கலர் பிரின்ட் செலவு அதில் சேராது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். நீங்கள் போனால் அதை முதலிலேயே எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுங்கள்.