ஸ்வெட்டரோடு எடுத்த எடை

மார்கழி, தை மாதங்களில் சேர்வராயன் மலை அங்கன்வாடிகளுக்குக் குழந்தைகள் ஸ்வெட்டரும் குரங்கு குல்லாவுமாகத்தான் வரும். ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புக்கு அளவெடுக்கப் போகும் நமக்கு, குளிருதே என்று அப்படியே எடை மெஷினில் உட்கார வைத்துவிடத் தோன்றும். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணைப்படி எடைக்குறைவுக் கோடு 9.7 கிலோ. உடுப்போடு 9.9 காட்டிய பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, வெள்ளி அரைஞாண், தண்டை எல்லாம் கழற்றிப் பாருங்கள், 9.5 வந்து நிற்கும். கூடுதல் கவனிப்பு கிடைக்க வேண்டிய பிள்ளையை 400 கிராம் கம்பளி பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடும். கதவைச் சாத்தி, தட்டில் துணி விரித்து, மெஷினை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உடுப்பைக் கழற்றினால் போதும். கழற்றவே முடியாத குளிர் என்றால் அந்த உடுப்பை அப்புறம் தனியாக நிறுத்துக் கழிக்கலாம். மனக்கணக்கில் கழிப்பது மட்டும் வேண்டாம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி ஏறிய மெஷினை அப்படியே நம்பக் கூடாது. முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல் ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு, அன்றைய முதல் குழந்தைக்கு முன்னால் அதை ஏற்றிப் பார்க்க வேண்டும். பாய் மேலோ மேடுபள்ளமான திண்ணையிலோ வைத்த மெஷின் சரியாகக் காட்டாது.

உயரத்தில் அடிக்கடி நடக்கும் பிழை வேறு மாதிரி. இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்தும், அதற்கு மேல் நிற்க வைத்தும் அளக்கிறோம். படுத்த நீளம், நின்ற உயரத்தைவிட சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். சரியாக 24 மாத ஆண் குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவுக் கோடு படுத்தால் 81.7, நின்றால் 81.0. அழுது அடம்பிடிக்கிற பிள்ளையைப் படுக்க வைத்து 81.3 என்று எடுத்து, உயரக் கட்டத்தில் எழுதினால் குள்ளம் மறைந்துவிடும். நிற்க வைத்தால் குதிகால், ஆடுதசை, பிட்டம், தோள்பட்டை, பின்தலை பலகையில் பட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். உச்சிக் குடுமியும் ரிப்பனும் அவிழ்த்த பிறகே தலைப்பலகை இறங்கலாம்.

இதையெல்லாம்விட வயதுதான் அதிகம் ஏமாற்றும். பிறப்புச் சான்று இல்லாத வீட்டில் 'ரெண்டு வயசு ஆவுதுங்க' என்பதை அப்படியே 24 மாதம் என்று எழுதிவிடக் கூடாது. ஏற்காடு கோடை விழாவுக்கு முன்னாலா பின்னாலா, ஆடிப் பண்டிகை சமயத்தில் கைக்குழந்தையா வயிற்றிலா என்று கேட்டால் மாதம் பிடிபடும்.

6 முதல் 59 மாதம் வரை கைச் சுற்றளவு டேப் நல்ல துணை. இடது முழங்கையை மடக்கி, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, கையைத் தளரத் தொங்கவிட்டுச் சுற்ற வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே கடும் மெலிவு; 11.5-லிருந்து 12.5-க்குள் மிதமான மெலிவு. டேப் தோலில் பதிந்தால் இறுக்கம், விரல் நுழைந்தால் தளர்வு. தையல்கார டேப் நாளாக நாளாக நீண்டுவிடும், அது உதவாது. கூடவே இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்தால், எடை எவ்வளவு காட்டினாலும், அது கடும் ஊட்டக் குறைவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீக்கத்தின் நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால், மெஷினை மட்டும் நம்பினால் இந்தக் குழந்தைதான் முதலில் தவறிப்போகும்.

மலைக்கென்று தனிக் கணக்கு ரத்தப் பரிசோதனையில் வருகிறது. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் உடம்பு சிவப்பணுவைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலில், கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1499 மீட்டர் உயரத்தில் வசிப்பவருக்கு, எடுத்த ஹீமோகுளோபினில் டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழிக்கச் சொல்கிறார்கள். 1500 முதல் 1999 மீட்டர் வரை 1.1. மூன்று வயதுப் பிள்ளைக்கு 11.4 வந்தால் சேலம் டவுனில் அது சரியான அளவு. 1200 மீட்டரில் உள்ள மலைக்கிராமத்தில் அதே எண் 10.6 ஆகிவிடும், 11-க்குக் கீழே, அதாவது ரத்தசோகை. எடுத்த எண், திருத்திய எண் இரண்டையும் எழுதி வைக்காவிட்டால், அடுத்து வருபவர் இன்னொரு முறை கழித்துவிடுவார். போன வாரம்தான் எஸ்டேட் வேலைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்த குடும்பத்துக்கு இந்தக் கழிவு பொருந்தாது. உடம்பு பழகப் பல வாரங்கள் ஆகும்.

குளிரில் விரல் விறைத்திருக்கும், குத்தினால் ரத்தம் வராது, உடனே பிதுக்கத் தோன்றும். பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு விரல் நுனியின் ஓரமாகக் குத்தி, முதல் சொட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது. ரத்தச் சொட்டை எடுக்கும் சிறு பிளாஸ்டிக் தகடான குவெட்டில் குமிழி இருந்தால் அதை எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டும்.

முந்தின நாள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதும் சாப்பாட்டுக் கணக்கில் 'என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்டால் 'சோறுதாங்க' என்பதோடு முடிந்துவிடும். 'நேத்து காத்தால எந்திரிச்சதும் மொதல்ல என்னங்க்கா குடிச்சீங்க?' என்று தொடங்கி, வேலையின் வரிசையிலேயே பின்தொடர வேண்டும். அப்போதுதான் காப்பித் தோட்டத்துக்குப் போகும் முன் குடித்த வரக்காப்பி வெளியே வரும். கீரையோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் அதைச் சேர்த்துக் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும் என்பதால் அது முக்கியமான பதில். அளவுக்கு அவர்கள் வீட்டு டம்ளரையும் கரண்டியையும் எடுத்துவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, அளவு ஜாடியில் மில்லியாகப் பார்த்துக்கொள்ளலாம். சந்தைக்கு மறுநாள் கேட்டால் கறியும் மீனும் வரும், கூலி வருவதற்கு முந்தின நாள் கேட்டால் ரசமும் ரேஷன் அரிசியும் வரும். ஒரு நாளை மட்டும் வைத்து அந்த வீட்டின் சாப்பாட்டை முடிவு செய்ய முடியாது. அடுத்தடுத்து வராத இரண்டு நாள் எடுத்து, அதில் ஒன்று சந்தைக்குச் சம்பந்தமில்லாத வேலை நாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.