ரெண்டாவது வெடி

ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா சேர்ந்து மூணாவது வருஷம் வந்த கேஸ் இது. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டை உடைச்சு ஒருத்தன் உள்ள வந்திருக்கான், கையில கடப்பாரை, வீட்டுக்காரர் லைசென்ஸ் வச்சிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியால சுட்டுட்டார், ஆள் செத்துட்டான். கேஸ் கட்டைப் பிரிச்சுப் படிச்சதும் எனக்கு இதுல என்ன இருக்கு, தற்காப்பு தானேன்னு தோணுச்சு. சீனியர்கிட்ட சொன்னேன், அவர் பேசாம போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட என் பக்கம் தள்ளி விட்டார். பால்ரஸ், அதான் தோட்டாவுல இருக்கற ஈய குண்டுகள், எல்லாம் முதுகுல.

நடந்தது என்னன்னா, முதல்ல சுட்டது ஹால்ல, அது செவுத்துல போயிடுச்சு. அவன் பயந்து பின்பக்கமா ஓடி காம்பவுண்ட் சுவர்ல ஏறுறப்ப ரெண்டாவது வெடி. மொத்த கேஸும் அதுல தான். அப்ப ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), 103ஆவது பிரிவுப்படி ராத்திரி வீட்டை உடைச்சு வர்றவன உயிர் போனாலும் பரவாயில்லன்னு தடுக்கலாம், ஆனா 105ல பார்த்தா அந்த அத்துமீறல் நீடிக்கிற வரைக்கும் தான் அந்த உரிமை, 99 வேற தேவைக்கு மேல போகாதேங்குது. 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்து இதெல்லாம் 34 முதல் 44 வரைக்குமான பிரிவுகளுக்குப் போயிடுச்சு, விஷயம் பெருசா மாறல.

போலீஸ் தான் எல்லாத்தையும் நிரூபிக்கணும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. கொலைய நிரூபிக்கறது அவங்க வேலை, தற்காப்புன்னு சொன்னா அதைக் காட்டறது நம்ம வேலை (சந்தேகமே இல்லாம காட்ட வேண்டாம், அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும்). இவர் ஸ்டேஷனுக்குப் போன உடனே "ஓடுறப்ப தான் சார் சுட்டேன்"னு சொல்லிட்டார். போலீஸ்கிட்ட கொடுக்கற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, சரி, முதுகுல இருக்கற பால்ரஸுக்கு வாக்குமூலம் எதுக்கு.

ஜாமீன் கிடைக்க மூணு மாசம் ஆச்சு, துப்பாக்கிய போலீஸ் மகஜர் எழுதி பறிமுதல் பண்ணிட்டாங்க, லைசென்ஸ் சஸ்பெண்ட். அதெல்லாம் எதிர்பார்த்தது தான். நான் எதிர்பார்க்காதது செத்தவனோட அம்மா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரும், பின்னாடி ஒரே பெஞ்சுல உட்காரும், ஒரு வார்த்தை பேசாது. நம்ம ஆளு அந்தப் பக்கம் திரும்பாம இருக்கறதுக்காகவே கோர்ட் ஹாலுக்குள்ள சைடு வழியா வருவார். ராத்திரி லைட் அணைக்க விடறதில்லன்னு அவர் வீட்டம்மா ஒரு தடவை எங்கிட்ட சொன்னாங்க, வக்கீல்கிட்ட சொல்ற விஷயமா அது, ஆனா வேற யாருகிட்ட சொல்வாங்க.

ஆறு வருஷம் ஓடுச்சு. சுவர் தாண்டாதவன் இன்னும் உள்ள இருக்கறவன் தான்னு சீனியர் வாதாடினது எடுபடல, எனக்கே அது கொஞ்சம் இழுத்த மாதிரி தான் இருந்துச்சு. எடுபட்டது வேற. ரெண்டு வெடிக்கும் நடுவுல சில செகண்ட் தான், இருட்டு, கடப்பாரை இன்னும் அவன் கையில, அந்த நேரத்துல ஒருத்தன் படிப்படியா கணக்குப் போட்டு தற்காத்துக்கணும்னு எதிர்பார்க்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2010ல தர்ஷன் சிங் கேஸ்ல சொன்னதைக் காட்டினோம். முழுசா விடுதலை இல்ல. உரிமை இருந்துச்சு, அளவு மீறிட்டார், அதனால கொலை இல்லன்னு, கொலையாகாத மரணத்துக்கான 304ஆவது பிரிவுக்கு இறக்கி அஞ்சு வருஷம். அப்பீல் போட்டு தண்டனைய நிறுத்தி வச்சோம்.

வெளிய வந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்தார். ஃபீஸ் பத்தி பேசப் போறார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துட்டு, "அந்தம்மாவுக்கு ஏதாவது கொடுக்கலாமா சார், கேஸுக்கு பாதிப்பு வருமா"ன்னு கேட்டார். வரும், தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், சாட்சிய கலைச்சதாவும் சொல்லலாம்னு சீனியர் சொன்னார். "அப்பீல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அப்பீல் இன்னும் லிஸ்ட்ல வரல.