பார்ப்ராவோடு ஒரு டிசம்பர்

நவம்பர் 29, 2024, வெள்ளி. ஜெர்சி சிட்டி

தேங்க்ஸ்கிவிங் விருந்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பரணிலிருந்து அந்த எல்பி தட்டை இறக்கினேன். அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் 'எ கிறிஸ்துமஸ் ஆல்பம்'. 1967-ல் வந்தது. மொத்தம் 11 பாட்டு. வருடத்தில் 11 மாதம் அது உறையில் தூங்கும். அப்புறம் இந்த ஒரு மாதம் முழுக்க வீட்டில் அவர் குரல்தான்.

அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. "யாருடி இவ?" என்று கேட்டார். நாடகக்காரி என்றேன். பாட்டும் கதையும் சேர்ந்த பிராட்வே நாடகங்களில் 1962-ல் ஒரு சின்ன வேடத்தில் வந்து, இரண்டே வருடத்தில் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தில் நாயகியாக நின்றவர். அப்போது அவருக்கு வயது 21.

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த ஆல்பத்தை ஏன் இத்தனை நேசிக்கிறேன் என்று யாராவது கேட்டால், முதல் பாட்டையே போட்டுக் காட்டுவேன். 'ஜிங்கிள் பெல்ஸ்'. தட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி அச்சாகியிருக்கும். உலகத்துக்கே மனப்பாடமான பாட்டு அது. இவர் அதை ஒரே ஓட்டமாக ஓட்டுகிறார், திடீரென்று நிதானிக்கிறார், மறுபடி பாய்கிறார்.

இரண்டாவது சரணத்தில் 'அப்சாட்' என்று ஒரு பழைய சொல் வரும். பனிச்சறுக்கு வண்டி குடைசாய்ந்தது என்று பொருள். எல்லோரும் அதைக் கவனிக்காமல் பாடிக் கடந்துவிடுவார்கள். பார்ப்ரா அந்த இடத்தில் நின்று, "அப்சாட்?" என்று கேட்கிறார். அந்தச் சொல்லை வாழ்க்கையிலேயே முதல்முறை கேட்ட பெண்ணின் குரல் அது. ஒரே நொடி. அதற்குள் ஒரு பாத்திரம் கண்முன் வந்து நிற்கிறது. மேடையில் வளர்ந்த பாடகியால்தான் ஒற்றைச் சொல்லை இப்படி நடிக்க முடியும்.

டிசம்பர் 4, புதன்

'மை ஃபேவரிட் திங்ஸ்' நடுவில் ஊசி குதிக்கிறது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கீறல் தெரிகிறது. மென்துணியால் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. மற்ற பத்துப் பாட்டும் பழுதில்லாமல் இருக்கின்றன, அது போதும்.

டிசம்பர் 7, சனி

'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு. பெரும்பாலான பாடகர்கள் அதை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்குப் போய்விடுவார்கள். பார்ப்ரா விடவில்லை. வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனைமரமும் அசைகின்றன, இடம் லாஸ் ஏஞ்சலஸின் பெவர்லி ஹில்ஸ். ஆனால் இன்று டிசம்பர் 24, நான் வடக்கே போக ஏங்குகிறேன். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் பனி பொழியும் கிறிஸ்துமஸ் கனவு வருகிறது.

அந்தத் தொடக்கத்தோடு கேட்டால் இது பனியைப் பற்றிய பாட்டாகவே தோன்றாது. ஊரை விட்டுத் தூரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரின் பாட்டு. மார்கழியில் இந்த ஊர் ஜன்னல் ஓரம் நின்று வாசல் கோலத்தை நினைத்துக்கொள்ளும் எனக்கு அந்த நாலு வரி நன்றாகவே புரிகிறது. எழுதிய இர்விங் பெர்லின் யூதர், சிறுவனாக ரஷ்யப் பேரரசிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். பாடும் பார்ப்ராவும் யூதப் பெண்.

டிசம்பர் 14, சனி

க்யூ ரயில் பிடித்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குப் போனேன். சர்ச் அவென்யூவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஃபிளாட்புஷ் அவென்யூவில் எராஸ்மஸ் ஹால். பார்ப்ரா 1959-ல் படித்து முடித்த உயர்நிலைப் பள்ளி, அங்கே பாடகர் குழுவிலும் இருந்தார். கோட்டை வாசல் போல வளைவு, மேலே கோபுரம். எதிர்ப்பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்தபோது அவருக்கு வயது 15 மாதம். சிறுமியாக யூத மதப் பள்ளியில் படித்தபோது, ரபி, அதாவது மதகுரு, வகுப்பை விட்டு வெளியே போனதும் பார்ப்ரா "கிறிஸ்துமஸ்!" என்று கத்துவாராம். அந்தச் சிறுமி பெரியவளாகிப் பாடிய கிறிஸ்துமஸ் ஆல்பம், அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஷீப் மெடோ புல்வெளி. குளிர்காலத்தில் புல்வெளிக்குள் விடமாட்டார்கள், வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடிந்தது. 1967 ஜூன் 17 இரவு, லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் அவர் இங்கேதான் இலவசமாகப் பாடினார். நடுக் கோடையில் 'சைலண்ட் நைட்' பாடினார்! அன்று மேடையில் சில வரிகள் மறந்துபோயின, அந்தப் பயம் வருடக்கணக்கில் அவரைவிட்டுப் போகவில்லை. எனக்கு அது நினைவுக்கு வரும்போதெல்லாம் மனசு கனக்கும். காதில் அதே பாட்டை வைத்துக்கொண்டு வேலியோரமாக ஒரு சுற்று நடந்தேன். விரல் விறைத்துப்போனது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று இரண்டாம் பக்கம் மட்டும். முதல் பக்கத்தில் கொண்டாட்டம் என்றால் இது பிரார்த்தனை. 'சைலண்ட் நைட்', 'ஆவே மரியா' இரண்டும் 1966-லேயே சின்னத் தட்டாக வந்துவிட்டன. அந்த வருடம் லண்டனில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் 'ஃபன்னி கேர்ள்' நடந்துகொண்டிருந்தது, பார்ப்ரா பிள்ளைத்தாச்சியாக மேடை ஏறிக்கொண்டிருந்தார். டிசம்பர் 29-ல் மகன் பிறந்தான். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'தி பெஸ்ட் கிஃப்ட்', பிறந்த குழந்தையைவிடப் பெரிய பரிசு இல்லை என்கிற பாட்டு. இந்தத் தேதிகள் தெரிந்த பிறகு அதை வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மூச்சு எங்கேடி எடுக்கறா? தெரியவே மாட்டேங்குதே." ஐம்பது வருடம் சபா சபாவாகப் போய்ப் பாட்டு கேட்ட காது அது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

டிசம்பர் 25, புதன்

நேற்றுக் காலை கொஞ்சம் பனி விழுந்தது, ஓரங்களில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் யூதர்கள் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகையும் இன்று மாலைதான் தொடங்குகிறது.

மேல் மாடி யூதப் பாட்டிக்கு அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்தனுப்பினார். நான் போனபோது பாட்டி ஜன்னலோரம் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தார். கீழே எங்கள் வீட்டில் ஓடும் ரிக்கார்டு அங்கே மெல்லக் கேட்டது. "பார்ப்ரா" என்றார், யார் என்று என்னைக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்தே வைத்துவிட்டு, தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து திருப்பிப் போட்டேன்.